க்வின்வோர் எவன்ஸுக்குப் பத்து நிமிடம்: நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

சித்திரைக் கொண்டாட்டத்தின் நிகழ்ச்சி நிரல் போன வியாழக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நைட் டூட்டி இடைவேளையில் உட்கார்ந்து அதை மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பட்டிமன்றம் இருக்கிறது, குறள் ஒப்பித்தல் இருக்கிறது, சினிமாப் பாட்டுக்கு ஐந்து ஆட்டம் இருக்கிறது, பரிசுக் குலுக்கலுக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். பிப்ரவரியிலேயே நான் எழுதிக் கொடுத்து, "சரிம்மா, போட்டுடலாம்" என்று நீங்கள் ஒப்புக்கொண்ட பத்து நிமிடத்தை மட்டும் காணோம்.

அந்தப் பத்து நிமிடம் க்வின்வோர் எவன்ஸுக்கு. பிரிட்டனுக்குள் இருக்கும் இந்த வேல்ஸ் நாடு தன்னைத் தானே ஆள வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்ட மனிதர். 2005 ஏப்ரல் 21 அன்று, நாம் குடியிருக்கும் இதே கார்மார்தன்ஷர் மாவட்டத்தில் உள்ள பென்காரெக் கிராமத்தில், தன் 92ஆவது வயதில் இறந்துபோனார். நம் புத்தாண்டுக்கு அடுத்த வாரம் அவர் நினைவு நாள் வருகிறது. என் மகளும் அவள் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் பாதி தமிழிலும் பாதி இந்த மண்ணின் மொழியான வெல்ஷிலும் அவரைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. ஆறு வாரமாகச் சமையலறையில் நின்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு மூன்று பேரிடமிருந்து மூன்று பதில் வந்தது. ஒரு அண்ணன் போனில், "ஏம்மா, அவரு இந்த ஊரு அரசியல்வாதி, நமக்கு எதுக்கும்மா அந்த வம்பு? சங்கத்துல அரசியல் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்றார். இன்னொருவர், அவர் பிரிவினை பேசியவர், யாராவது தப்பாக எடுத்துக்கொண்டால் விசா பிரச்சினை வரை போகும் என்று குரல் பதிவு அனுப்பினார். ஒரு அக்கா மட்டும்தான் வெளிப்படையாகச் சொன்னார்: "உண்மையைச் சொல்லணும்னா, அவரு யாருன்னே எங்க யாருக்கும் தெரியாது."

அக்கா சொன்னதில் எனக்குக் கோபமே இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் தெரியாது. எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்லிவிட்டு மற்ற இருவருக்கும் பதில் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டில் ஒரு பாட்டி இருந்தார். மறதி நோய் முற்றிய நிலை. இந்த நோய் வந்தவர்களுக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் கழன்று போகும், தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும், இதை நர்ஸ்கள் எல்லாரும் பார்த்திருப்போம். அந்தப் பாட்டியிடமிருந்து ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது, வெல்ஷ் மட்டும் இருந்தது. ஒரு நாள் மதியம் என் கையைப் பிடித்துக்கொண்டு "டூர், டூர்" என்றார். கதவைத்தான் ஆங்கிலத்தில் சொல்கிறார் என்று நினைத்து, எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். மறுபடியும் "டூர்" என்றார். திறந்து வைத்தேன். பாட்டி அழத் தொடங்கிவிட்டார். உதடு வெடித்து ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது, அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அறையைச் சுத்தம் செய்ய வந்த உள்ளூர் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மேசையில் இருந்த பிளாஸ்டிக் டம்ளரை எடுத்துப் பாட்டியின் வாயருகே கொண்டுபோனார். டூர் என்றால் வெல்ஷில் தண்ணீர். ஒரு மனுஷி தன் சொந்த மண்ணில், தன் சொந்த மொழியில் தண்ணீர் கேட்டிருக்கிறார், நான் கதவைச் சாத்தித் திறந்துகொண்டிருந்தேன்.

அந்த அம்மாவிடம்தான் நான் வெல்ஷ் கற்க ஆரம்பித்தேன். தண்ணீர், வலி, குளிர், கழிப்பறை, காலை வணக்கம். முதலில் பத்துச் சொல், அப்புறம் இருபது. பாட்டியின் அறையில் ஒரு சின்ன டிவி உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் ஏதோ ஒரு தேவாலயத்திலிருந்து சபையே சேர்ந்து பாடும் நிகழ்ச்சி வரும். என் பெயரையும் தன் மகனின் பெயரையும் நினைவில் வைக்க முடியாத பாட்டி, அந்தப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் பிசகாமல் வாயசைப்பார். போர்வைமேல் விரல் தாளம் போடும். அந்த அரை மணி நேரம் அவருக்கு மாத்திரை எதுவும் தேவைப்பட்டதில்லை. ஒரு ஞாயிறு அந்த அம்மா டிவியைக் காட்டி, "இது க்வின்வோரின் சேனல்" என்றார். யார் க்வின்வோர் என்று கேட்டேன். "இதுக்காகச் சாகத் துணிஞ்சவரு" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அன்றிலிருந்து படித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

1912இல் பாரி என்ற துறைமுக ஊரில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான், பள்ளி வயதில்தான் வெல்ஷைக் கற்றார். இதை நம் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். "என் பையனுக்குப் பத்து வயசாச்சு, இனிமே தமிழ் வராது" என்று சொல்லும் ஒவ்வொருவருக்கும் இவர் வாழ்க்கையே பதில். அபெரிஸ்ட்வித்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் சட்டம் படித்தார், ஆனால் வக்கீலாகப் பெயர் எடுக்கவில்லை. லான்கடோக் என்ற கிராமத்தில் கண்ணாடிக் குடில் போட்டுத் தக்காளி வளர்த்து விற்றார். (லான்கடோக் என்று நான் எழுதியிருப்பது சரியான உச்சரிப்பு இல்லை. அந்த முதல் எழுத்துக்குத் தமிழில் ஒலி கிடையாது, நம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லாத மாதிரி.) இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் தொட மாட்டேன் என்று மனசாட்சியின் பேரில் மறுத்தவர். 1945இல் வேல்ஸின் தேசியக் கட்சியான பிளைட் கம்ரிக்குத் தலைவரானார், 1981 வரை 36 வருடம் தலைவராக இருந்தார்.

பிரிவினை பேசியவர் என்று பயந்த அண்ணனுக்கு இங்கே ஒன்று சொல்கிறேன். நெடுங்காலம் அவர் கட்சி கேட்டது டொமினியன் தகுதி, அதாவது பிரிட்டிஷ் முடியின் கீழேயே தன்னைத் தானே ஆளும் தகுதி. 1947இல் இந்தியாவும் 1948இல் இலங்கையும் பெற்ற அதே தகுதி. அதைக் கேட்பது குற்றம் என்றால் நம் தாத்தாக்கள் எல்லாரும் குற்றவாளிகள்தான். கேட்ட விதத்தையும் பாருங்கள். அவர் கையில் இருந்தவை வாக்குச் சீட்டும் துண்டறிக்கையும் ஊர்வலமும்தான். 1968இல் வியட்நாம் போரை எதிர்த்து, குண்டு விழும் இடத்தில் போய் நிற்கிறோம் என்று கிளம்பிய குழுவோடு கம்போடியா வரை போனவர். தன் நாட்டில் வேறு சிலர் குண்டு வைத்தபோது அதைக் கண்டித்தவர், அதனாலேயே தன் ஆட்களிடம் "மென்மையானவர்" என்று திட்டும் வாங்கியவர். இப்படிப்பட்டவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் எந்த விசா அதிகாரி நம்மை என்ன செய்யப்போகிறார்?

ட்ரவெரின் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் கோடையில் நாங்கள் குடும்பமாக வடக்கே பாலா ஊர்ப் பக்கம் போனோம். அங்கிருந்து மேற்கே போகும் சாலையில் கொஞ்ச தூரத்திலேயே இடது பக்கம் பெரிய ஏரி ஒன்று வரும், பெயர் லின் கெலின். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, என் கணவர் இறங்கிப் படமெல்லாம் எடுத்தார். கரையில் சின்னதாகக் கல்லில் கட்டிய நினைவு ஆலயம் இருக்கிறது, அதைப் பார்த்த பிறகு அவர் போனைப் பையில் வைத்துவிட்டார். அந்தத் தண்ணீருக்கு அடியில் காப்பெல் கெலின் என்று ஒரு கிராமம் கிடக்கிறது. பள்ளிக்கூடம், தபால் நிலையம், தேவாலயம், பண்ணை வீடுகள், கல்லறைத் தோட்டம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்த நகராட்சி இங்கே அணை கட்ட முடிவு செய்தது, தங்கள் ஊர் மூழ்கப்போகிறது என்பதை அந்த மக்கள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். வெல்ஷ் மட்டுமே புழங்கிய ஊர். 1956 நவம்பரில் அந்த ஊர் மக்களைக் கூட்டிக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் நடந்தார் க்வின்வோர். நகராட்சிக் கூட்டத்துக்குள் போய்ப் பேச முயன்றபோது மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டு அவரைப் பேச விடவில்லை. 1957இல் லண்டன் நாடாளுமன்றத்தில் வேல்ஸ் எம்பிக்கள் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது, 1965இல் அணை திறக்கப்பட்டது. 48 பேர் வீடிழந்தார்கள். சில குடும்பங்கள் தங்கள் முன்னோரின் எச்சங்களைத் தோண்டி எடுத்துப் போனார்கள், மற்ற கல்லறைகளைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

48 பேர்தானே என்று யாராவது நினைக்கலாம். அந்த எண்ணிக்கையைவிட, அதற்குப் பின்னால் இருந்த விஷயம்தான் வேல்ஸைச் சுட்டது: ஒரு நாட்டின் எம்பிக்கள் சேர்ந்து வேண்டாம் என்றாலும் அந்த நாட்டின் ஒரு பள்ளத்தாக்கை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம், சட்டப்படி தடுக்க ஒரு வழியும் இல்லை. தன்னாட்சி ஏன் வேண்டும் என்று க்வின்வோர் அதற்குமுன் எத்தனையோ மேடையில் பேசியிருப்பார், அந்த ஏரி அதை எல்லாருக்கும் புரியும்படி சொல்லிவிட்டது. 2005 அக்டோபரில் லிவர்பூல் நகராட்சி மன்னிப்புக் கேட்டது. அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தேர்தல் கதை இன்னும் நீளமானது. 1945இல் மெரியோனெத் தொகுதியில் தோற்றார். அங்கேயே 1950, 1955, 1959 என்று திரும்பத் திரும்பத் தோற்றார், இடையில் ஆபர்டேர் இடைத்தேர்தலிலும் தோற்றார். கார்மார்தனுக்கு வந்து 1964இல் தோற்றார், 1966 மார்ச்சில் மூன்றாம் இடம். அந்த மே மாதம் தொகுதி எம்பி மேகன் லாயிட் ஜார்ஜ் இறந்துபோனார். 1950களில் வேல்ஸுக்குத் தனி நாடாளுமன்றம் கேட்டு இரண்டு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கிய இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய அம்மையார் அவர், க்வின்வோரும் அதில் கூட நின்றவர். இடைத்தேர்தல் 1966 ஜூலை 14. 2,436 வாக்கு வித்தியாசத்தில் க்வின்வோர் ஜெயித்தார், பிளைட் கம்ரியின் முதல் எம்பி. நாம் சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகும்போது கடந்து போகிறோமே, கார்மார்தன் கில்ட்ஹால் சதுக்கம், அங்கே கூட்டம் நிரம்பி வழிந்தது. தோற்றுத் தோற்று 21 வருடம் கழித்து வந்த வெற்றி. அதற்குப் பின்னும் தோற்றிருக்கிறார். 1970இல் தொகுதி கைவிட்டுப் போனது, 1974 பிப்ரவரியில் வெறும் மூன்றே வாக்கில் தோற்றார், அதே வருடம் அக்டோபரில் மறுபடி ஜெயித்தார்.

1979தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. மார்ச் 1 அன்று, வேல்ஸின் தேசியத் திருநாளான செயின்ட் டேவிட் நாளில், தன்னாட்சி மன்றம் வேண்டுமா என்று மக்களிடமே கேட்டார்கள். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அவருடைய சொந்த மக்கள். இரண்டு மாதத்தில் அவர் எம்பி பதவியும் போனது. தேர்தலுக்கு முன் வெல்ஷ் மொழிக்குத் தனி டிவி சேனல் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த கன்சர்வேடிவ் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் கையை விரித்தது. வயது 67, பதவி இல்லை, மக்கள் தீர்ப்பும் பக்கம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் தக்காளித் தோட்டத்துக்குத் திரும்பிப் போயிருப்பார்கள். இவர் 1980 மே மாதம் அறிவித்தார்: சேனல் வராவிட்டால் அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம்.

நான் நர்ஸ். 68 வயது உடம்பு சாப்பாடு இல்லாமல் என்ன ஆகும் என்று படிப்படியாக எனக்குத் தெரியும். முதல் வாரத்தில் தசை கரையும், அப்புறம் நிற்கும்போதே தலை சுற்றும், உப்புச் சத்து தாறுமாறாகி இதயம் தாளம் தப்பும். அது தெரியாமல் அவர் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு ஏழு பிள்ளைகள். அந்தக் கோடை முழுக்க ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது, டிவி உரிமக் கட்டணம் கட்ட மாட்டோம் என்று ஏராளமானோர் மறுத்தார்கள், சிறைக்குப் போனவர்களும் உண்டு. வேல்ஸின் பேராயரும் மற்ற பெரியவர்களும் லண்டன் போய் உள்துறை அமைச்சர் வைட்லாவைப் பார்த்தார்கள். செப்டம்பர் 17 அன்று தாட்சர் அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1 அன்று எஸ்ஃபோர்சி சேனல் தொடங்கியது. பாட்டியின் அறையில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான்.

ஜனவரியில் மொழிப்போர் தியாகிகளுக்கு நம் சங்கத்தில் விளக்கேற்றினோம். தலைவர் அண்ணன் நா தழுதழுக்கப் பேசினார், நானும் பின்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்போது "அரசியல் வேண்டாம்" என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் சண்டைக்கு வந்திருப்பேன். மூன்று மாதத்தில், நாம் குடியிருக்கும் மண்ணின் மொழிக்காக உயிரைப் பணயம் வைத்தவர் என்றதும் அது "இந்த ஊரு அரசியல்" ஆகிவிட்டது. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மொழிப் பற்று என்பது நம் மொழிக்கு மட்டும்தானா? அப்படியென்றால் நம் மேல் ஆங்கிலேயனுக்கோ வேறு யாருக்கோ மரியாதை வர வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்போம்?

அப்புறம், இந்த அரசியலில் நமக்குப் பங்கில்லை என்பதும் உண்மையில்லை. 1997 செப்டம்பர் 18 அன்று மறுபடி மக்களிடம் கேட்டார்கள். ராத்திரி முழுக்க எண்ணி, விடியும் நேரத்தில் கடைசியாக வந்தது நம் கார்மார்தன்ஷரின் முடிவு, அதுதான் தட்டைச் சாய்த்தது. மொத்தமாக 6,721 வாக்கு வித்தியாசத்தில் தன்னாட்சி ஜெயித்தது. க்வின்வோர் உயிரோடு இருந்து அதைப் பார்த்தார். 1999இல் கார்டிஃபில் மன்றம் கூடியது, இன்று அதன் பெயர் செனெத். நம்மில் பாதிப்பேர் வேலை பார்க்கும் மருத்துவத் துறை அதன் கையில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அதன் கையில் இருக்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் காசு கட்டுகிறாள், இங்கே 2007 ஏப்ரலிலிருந்து யாருக்கும் கட்டணம் கிடையாது. தொடக்கப் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் மதியச் சாப்பாடு இலவசம். இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே அந்த மன்றத்துக்கு நானும் வாக்களிக்கிறேன், நீங்களும் வாக்களிக்கிறீர்கள். இவ்வளவையும் அனுபவித்துக்கொண்டு, அது அவர்கள் அரசியல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதையெல்லாம் க்வின்வோர் ஒருவரே கொண்டுவந்தார் என்று நான் சொல்லவில்லை. லேபர் கட்சியின் ஜிம் கிரிஃபித்ஸ், 1997இல் ரான் டேவிஸ், அதன் பிறகு ரோட்ரி மோர்கன் என்று பல பேர் தோள் கொடுத்தது. அவரிடம் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தெற்கே நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஆங்கிலம் மட்டும் பேசிய லட்சக்கணக்கான வெல்ஷ் மக்கள், இவர் பேசும் வேல்ஸில் தங்களுக்கு இடம் இல்லையோ என்று நினைத்தார்கள், அந்த நினைப்பை மாற்ற அவர் இன்னும் பாடுபட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1979 தோல்விக்கு அதுவும் ஒரு காரணம். இதையும் மேடையில் சொல்லத்தான் பிள்ளைகளின் பேச்சில் இரண்டு வரி எழுதியிருந்தோம்.

லான்கடோக் பக்கத்தில் கார்ன் கோக் என்ற மலைக்கோட்டை இருக்கிறது. இரும்புக் காலத்துக் கோட்டை, மேலே சரிந்து கிடக்கும் கல் மதில், சுற்றிலும் செம்மறி ஆடு. அவர் சாம்பலை அங்கேதான் தூவினார்கள், அடிவாரத்தில் ஒரு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். போன செப்டம்பரில் மகளோடு ஏறினேன். காற்று ஆளைத் தள்ளியது, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. மகள் அந்தக் கல்லில் இருந்ததை வெல்ஷில் சத்தமாகப் படித்துக் காட்டினாள், பிறகு தமிழில் எனக்கு அர்த்தம் சொன்னாள். மலையேற வந்த வயதான தம்பதி நின்று அவளைப் பார்த்தார்கள். அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நீ எந்த ஊர்ப் பிள்ளை என்று வெல்ஷில் கேட்டார். "கார்மார்தன்" என்றாள், யோசிக்காமல். எனக்கு ஒரு கணம் வயிற்றுக்குள் ஏதோ செய்தது, உண்மைதான். ஆனால் அவள் அடுத்ததாக, "அம்மா ஊரு தமிழ்நாடு, நான் ரெண்டும்" என்று சேர்த்தாள். அந்தப் பெரியவர் அவள் கையைக் குலுக்கினார்.

அவளிடம்தான் வெள்ளிக்கிழமை காலை நான் சொல்ல வேண்டியிருந்தது, உங்கள் பேச்சை எடுத்துவிட்டார்கள் என்று. "வெல்ஷ்ல பேசறதாலயா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அது உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அதனால்தான் செயற்குழுவுக்குத் தனியாக எழுதாமல் உறுப்பினர் எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் 5,38,300 பேர், 17.8 சதவீதம். 2011இல் நம் கார்மார்தன்ஷரில் 43.9 சதவீதமாக இருந்தது 39.9 ஆகக் குறைந்திருக்கிறது. குடியேறி வந்தவர்கள் கற்கவில்லை என்பது அதற்கு ஒரே காரணம் இல்லை. ஆனால் வந்த நாம் கற்றால் அது ஒரு பிடி சேர்க்கும். நாம் ஒதுங்கினால், நம் பங்குக்கு நாமும் குறைத்தவர்கள் ஆவோம்.

நான் கேட்பது இவைதான். அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதுவும் சாப்பாட்டு வரிசை தொடங்கியபின் கடைசியில் இல்லை, குறள் ஒப்பித்தல் முடிந்த உடனே, ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது. நேரம் இல்லை என்றால் குலுக்கலில் பத்து நிமிடம் குறையுங்கள். கொடுக்க முடியாது என்றுதான் முடிவு என்றால், யார் யார் எதிர்த்தார்கள், என்ன காரணம் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதி அடுத்த பொதுக்குழுவில் படியுங்கள், போனில் ஒருவருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டாம். "அரசியல் வேண்டாம்" என்ற விதி நம் சங்க அமைப்பு விதிகளில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். இருந்தால் அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் அதைச் சொல்லி யாரையும் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, இனி அச்சடிக்கும் ஒவ்வொரு அழைப்பிதழிலும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில் வெல்ஷில் ஒரு வரவேற்பு வரி வேண்டும். மொழிபெயர்ப்புக்குக் காசு செலவாகாது, பிள்ளைகளே எழுதிக் கொடுப்பார்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் அந்த ஹால் ஒரு மணி நேரம் காலியாகத்தான் கிடக்கிறது. வாடகை ஏற்கெனவே கட்டியாயிற்று. அதை வெல்ஷ் கற்க விரும்பும் பெற்றோருக்குத் திறந்துவிடுங்கள். மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்க்கும் நம் ஆட்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம், குறைந்தபட்சம் தண்ணீர் கேட்டால் தெரிய வேண்டும். முதல் பருவம் நானே எடுக்கிறேன், அப்புறம் முறையான ஆசிரியரைத் தேடுவோம்.

செப்டம்பர் 1 அவர் பிறந்தநாள். அந்த வாரக் கடைசியில் கார்ன் கோக்குக்கு ஒரு மினிபஸ் ஏற்பாடு செய்ய அனுமதி கொடுங்கள். பணம் வசூலிப்பது, புளியோதரை கட்டுவது எல்லாம் என் பொறுப்பு, சங்கத்தின் பெயர் மட்டும் வேண்டும்.

நிகழ்ச்சி நிரல் வரும் புதன்கிழமை அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். செவ்வாய் சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள். அன்று எனக்கு டூட்டி இல்லை, எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன். பிள்ளைகள் பயிற்சியை நிறுத்தவில்லை.

இப்படிக்கு,
சங்கத்தில் பதினோரு வருடமாகச் சந்தா கட்டும் ஒரு உறுப்பினர்,
கார்மார்தன்